லாஸ் வேகஸ்: இரவுக்குக் கூலி கேட்டவர்கள்

2023 நவம்பரில் லாஸ் வேகஸின் முக்கியச் சாலையிலேயே, இரவு பத்து மணிக்கு ஃபார்முலா 1 கார் பந்தயம் நடத்த ஏற்பாடாகியிருந்தது. அதற்காகப் பல மாதங்கள் சாலையைத் தோண்டித் தார் போட்டு, பார்வையாளர் மாடங்களை எழுப்பியிருந்தார்கள். பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பு, நவம்பர் 10 அதிகாலையைக் கெடுவாக வைத்து, 18 சூதாட்ட விடுதிகளின் சுமார் 35,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் அறிவித்திருந்தார்கள். அறை துடைப்பவர்கள், சமையல்காரர்கள், மது பரிமாறும் பெண்கள், பெட்டி தூக்குபவர்கள், பாத்திரம் கழுவுபவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். விடுதிகளை நடத்தும் நிறுவனங்களில் சீசர்ஸ் முதலில் இறங்கிவந்தது, அடுத்து எம்ஜிஎம். கெடு முடியச் சில மணி நேரமே இருக்கையில் வின் நிறுவனமும் ஒப்புக்கொண்டது. முதல் ஆண்டிலேயே 10 சதவீத ஊதிய உயர்வு, ஐந்தாண்டு முடிவில் 32 சதவீதம் என்று ஒப்பந்தமானது. வேலைநிறுத்தம் இல்லாமல் பந்தயம் நடந்தது. அந்த மாதம் அந்த நகரிலிருந்து வந்த செய்திகளில் பெரியது அந்த ஒப்பந்தம்தான் என்று நினைக்கிறேன்.

லாஸ் வேகஸைப் பற்றி நம்மிடம் இரண்டு பேச்சுகள் உண்டு. ஒன்று வியப்பு: ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் அளவே மழை பெய்யும் பாலைவனத்தில் ஒன்றரை லட்சம் விடுதி அறைகள், ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடி பேர் வருகை, 230 கோடி டாலர் செலவில் கட்டிய ‘ஸ்பியர்’ என்ற உருண்டை அரங்கம். இன்னொன்று வசை: சூதும் குடியும் கூத்துமாகக் கெட்டழிந்த ஊர். இரண்டு பேச்சிலும் அங்கே வேலை செய்பவர் இல்லை. இரவுக் கேளிக்கையை மட்டுமே நம்பி வாழும் ஒரு நகரம் நல்ல நகரமா என்று கேட்டால், விடிந்ததும் வீடு திரும்பும் தொழிலாளி எந்த நிலையில் திரும்புகிறார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்த அளவுகோலில் லாஸ் வேகஸ் பல பெருநகரங்களை மிஞ்சி நிற்கிறது. அப்படி நிற்பதற்கு முதலாளிகளின் பெருந்தன்மையோ சந்தையின் போக்கோ காரணமில்லை. தொழிற்சங்கம்தான் காரணம்.

அங்கே அறைப் பணியாளரின் ஒரு நாள் வேலை எப்படி இருக்கும் என்று பார்ப்போம். விரிப்பு, துண்டு, சோப்பு, துடைப்பான் எல்லாம் ஏற்றிய தள்ளுவண்டி தடித்த கம்பளத்தின்மேல் எளிதில் உருளாது. ஒவ்வொரு கட்டிலிலும் கனத்த மெத்தையின் மூலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையால் விரிப்பைச் செருக வேண்டும். ஒரு கட்டிலுக்கு நான்கு மூலை. பல அறைகளில் இரண்டு கட்டில்கள். பிறகு குளியலறைத் தரையில் மண்டியிட்டுத் தேய்க்க வேண்டும், கண்ணாடிக்கு எட்டிக் கையை உயர்த்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில், இரண்டு இரவு கொண்டாடிவிட்டுப் போனவர்களின் அறை என்றால் சிந்திய மதுவும் வாந்தியும் உடைந்த கண்ணாடியும் சேர்ந்துகொள்ளும். ஷிப்ட் முடிவதற்குள் குறித்த எண்ணிக்கை அறைகளை முடித்தாக வேண்டும். லாஸ் வேகஸில் இந்த வேலை செய்யும் 941 பேரிடம் தொழிலாளர்களே பங்கெடுத்து நடத்திய ஓர் ஆய்வு 2005-ல் வெளியானது. அவர்களில் 63 சதவீதத்தினருக்கு அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் இடுப்பில் கடும் வலி இருந்திருக்கிறது. முதுகின் மேற்பகுதியில் வலி 59 சதவீதத்தினருக்கு.

இந்த உண்மை தெரிந்தால்தான், 2023 ஒப்பந்தத்தில் ‘ஒவ்வொரு நாளும் எல்லா அறையையும் சுத்தம் செய்தே ஆக வேண்டும்’ என்ற விதிக்காகச் சங்கம் ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தது என்பது புரியும். கொரோனாவுக்குப் பிறகு, விருந்தினர் கேட்டால் மட்டும் சுத்தம் செய்தால் போதும் என்ற வழக்கம் விடுதித் தொழிலில் பரவியது. சுற்றுச்சூழலுக்கு நல்லது, விருந்தினருக்கும் தொந்தரவில்லை என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். ஆனால், மூன்று நாள் துடைக்காத அறையை நான்காம் நாள் துடைப்பவருக்கு அது மூன்று மடங்கு வேலை. நேரம் மட்டும் அதே நேரம். அறைகள் குறைந்தால் ஆட்களும் குறைவார்கள். வேலை கடினமாகும், வேலையும் போகும். இதை மேலிருந்து பார்க்கும் எந்த மேலாளரும் கவனித்திருக்க மாட்டார். தள்ளுவண்டி தள்ளியவர்கள் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்ததால்தான் அது விதியாக மாறியது. தனியாக அறைக்குள் போகும் பெண்ணின் கையில் ஆபத்தில் அழுத்த ஓர் அவசரப் பொத்தான் இருக்க வேண்டும் என்பதும் இப்படித்தான் 2018 ஒப்பந்தங்களில் வந்து சேர்ந்தது. அதே ஆண்டு வின் நிறுவனத்தின் நிறுவனர் ஸ்டீவ் வின், பெண் ஊழியர்கள் கூறிய பாலியல் புகார்களை மறுத்தபடியே பதவி விலகினார். புகார்களை நிர்வாகம் கண்டுகொள்ளாமல் விட்டதற்காக லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையம் அடுத்த ஆண்டு அந்த நிறுவனத்துக்கு 2 கோடி டாலர் அபராதம் விதித்தது. பொத்தான் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஒன்று போதும்.

இந்த நிலை ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1905-ல் ரயில் நிறுவனம் மனைகளை ஏலம் விட்டு உருவான ஊர் லாஸ் வேகஸ். 1931-ல் நெவாடா சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. நான்கு ஆண்டுகள் கழித்துத் தொடங்கப்பட்டது இந்தச் சங்கம்: கலினரி தொழிலாளர் சங்கம், கிளை எண் 226. 1950-களில் ஸ்டிரிப் எனப்படும் கேளிக்கைச் சாலை உலகப் புகழ் பெற்றிருந்தபோது, கறுப்பினத்தவருக்கு அங்கே மேடை உண்டு, படுக்க அறை கிடையாது. நாட் கிங் கோலும் சாமி டேவிஸ் ஜூனியரும் அரங்கம் நிறையப் பாடிவிட்டு, ரயில் பாதைக்கு அப்பால் இருந்த மேற்குப் பகுதிக்குத் தங்கப் போக வேண்டியிருந்தது. 1955-ல் எல்லா இனத்தாரையும் அனுமதித்த மூலான் ரூஜ் விடுதி திறந்தது, சில மாதங்களிலேயே மூடப்பட்டது. 1960 மார்ச்சில், பல் மருத்துவரும் உரிமை இயக்கத் தலைவருமான ஜேம்ஸ் மக்மில்லன், ஸ்டிரிப்பில் ஊர்வலம் நடத்துவோம் என்று அறிவித்த பிறகுதான், மூடிக் கிடந்த அதே மூலான் ரூஜில் கூடிப் பேசி இன ஒதுக்கலைக் கைவிட விடுதி உரிமையாளர்கள் சம்மதித்தார்கள். விருந்தினராக நுழையக் கதவு திறந்தது. நல்ல வேலைக்கான கதவு திறக்க இன்னும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது.

அந்தக் கதவு வழியாக வந்தவர்களில் ஒருவர் ஹாட்டி கான்டி. அலபாமாவிலிருந்து வந்த கறுப்பினப் பெண், பத்துப் பிள்ளைகளின் தாய். 1975-ல் கணவர் இறந்தார். குடும்பத்தைக் காப்பாற்ற விடுதி அறைகளைத் துடைக்கும் வேலைக்குப் போனார். சங்கத்தில் சேர்ந்தார், 1990-ல் அதன் தலைவரானார். அவருடைய தலைமைக் காலத்தில், 1991 செப்டம்பரில் ஃபிரான்டியர் விடுதியின் சுமார் 550 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது 6 ஆண்டுகள், 4 மாதங்கள், 10 நாட்கள் நீடித்தது. இரவும் பகலும், கோடையின் கொதிப்பிலும் குளிர்காலப் பாலைவனக் காற்றிலும் வாசலில் மறியல் நிற்கவில்லை. அந்தக் காலத்தில் அவர்களுடைய குடும்பங்களில் நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. மறியல் கோட்டைத் தாண்டி வேலைக்குத் திரும்பியவர் ஒருவர்கூட இல்லை. கடைசியில் விடுதி கைமாறியது. புதிய உரிமையாளர் சங்கத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். 1998 பிப்ரவரியில் எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் பல பத்தாண்டுகளாகத் தேய்ந்துகொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. சங்கத்தில் சேரும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்ற சட்டத்தை 1950-களிலேயே கொண்டுவந்த மாநிலத்தில் நடந்தது. அப்படியிருந்தும் இன்று அந்தச் சங்கத்தில் சுமார் 60,000 உறுப்பினர்கள். பாதிக்கு மேல் பெண்கள். பெரும்பாலானோர் வேற்று நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள். மாதச் சந்தா இல்லாத மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், சொந்த வீடு வாங்க முன்பண உதவி, பாத்திரம் கழுவுபவர் சமையல்காரராக உயரப் பயிற்சிப் பள்ளி எல்லாம் அவர்களுக்கு உண்டு. 2025-ல் ஸ்டிரிப்பின் எல்லாப் பெரிய சூதாட்ட விடுதிகளும் சங்கத்தின் கீழ் வந்துவிட்டன. சங்கத்தின் 90 ஆண்டு வரலாற்றில் அதுவே முதல் முறை.

பணம் கொட்டும் தொழிலில் நல்ல கூலி கிடைப்பதில் என்ன அதிசயம், சங்கம் இல்லாவிட்டாலும் அது நடந்திருக்கும் என்று ஒருவர் சொல்லலாம். அதற்குப் பதிலும் அதே கூரையின் கீழேயே இருக்கிறது. சீட்டுப் போடும் டீலர்களில் பெரும்பாலானோர் இந்தச் சங்கத்தில் இல்லை, வேறு சங்கத்திலும் இல்லை. அவர்களுடைய அடிப்படைக் கூலி பல இடங்களில் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டியே நிற்கிறது, மிச்சமெல்லாம் டிப்ஸ். அந்த டிப்ஸும் அவர்கள் கையில் இல்லை. 2006-ல் வின் நிறுவனம், டீலர்களின் டிப்ஸில் மேற்பார்வையாளர்களுக்கும் பங்கு என்று ஒருதலையாக முடிவெடுத்தது. அடுத்த ஆண்டே அந்த டீலர்கள் சங்கம் சேர வாக்களித்தார்கள். இன்னொரு சான்று புகை. 2006-ல் நெவாடா மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த புகைத் தடைச் சட்டம் உணவகங்களுக்குப் பொருந்தியது. சூதாட்டத் தளத்துக்கு விலக்கு. எட்டு மணி நேரம் அடுத்தவர் விடும் புகையை மூச்சில் இழுத்தபடி சீட்டுப் போடுவது இன்றும் அங்கே சாதாரணம். ஸ்டிரிப்பில் ஒரு பெரிய சூதாட்ட விடுதி முழுவதும் புகையில்லாமல் ஆனது 2020-ல்தான். ஒரே முதலாளி, ஒரே லாபம், ஒரே கட்டடம். பேச ஆள் இருந்த இடத்தில் இடுப்பு வலி ஒப்பந்த விதியானது. இல்லாத இடத்தில் நுரையீரல் யார் கணக்கிலும் வரவில்லை.

இதைவிடக் கனமான கேள்வி சூதாட்டம் பற்றியது. அந்த நல்ல கூலி எங்கிருந்து வருகிறது? தோற்றவர்களின் பையிலிருந்துதானே? சூதில் வீட்டை இழந்தவரின் பணத்தில் இன்னொருவர் வீடு வாங்குவதை எப்படி நியாயம் என்பது? இணைய ரம்மியில் கடன்பட்டு உயிரை விட்டவர்களின் செய்திகளை வாசித்து, அதைத் தடுக்கச் சட்டம் கேட்டுப் போராடிய தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது, எழவும் வேண்டும். சூதாட்டத்தை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் இரண்டு உண்மைகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்டிரிப்பின் பெரிய விடுதிகள் 1990-களின் இறுதியிலேயே சூதாட்டத்தைவிட அறை, உணவு, நிகழ்ச்சி ஆகியவற்றில் அதிகம் சம்பாதிக்கத் தொடங்கிவிட்டன. பாட்டும் நடனமும் குத்துச்சண்டையும் மாநாடுகளும்தான் இன்று அந்த ஊரின் பெரும்பகுதிப் பிழைப்பு. அடுத்து, சூதாட்டம் லாஸ் வேகஸைத் தாண்டிக் கைப்பேசிக்குள்ளும் போய்விட்டது. அங்கே தோற்பவர் உண்டு, ஜெயிக்கும் நிறுவனம் உண்டு. இடையில் கூலி வாங்கும் சமையல்காரரோ அறை துடைப்பவரோ இல்லை. சூதின் கேட்டை எதிர்ப்பவர் முதலில் எதிர்க்க வேண்டியது படுக்கையறை வரை வரும் அந்தச் சூதைத்தான்.

கேளிக்கையை நம்பிய பிழைப்பு நிலையில்லாதது என்பது மூன்றாவது வாதம், அதில் உண்மை இருக்கிறது. 2020 மார்ச்சில் ஆளுநர் உத்தரவால் எல்லாச் சூதாட்ட விடுதிகளும் மூடப்பட்டன, 78 நாட்கள் திறக்கவில்லை. அந்த ஏப்ரலில் லாஸ் வேகஸ் பகுதியின் வேலையின்மை 30 சதவீதத்தைத் தாண்டியது. அமெரிக்கப் பெருநகரங்களில் அப்படி அடிபட்டவை குறைவு. ஆனால் அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். விடுதிகள் மறுபடி திறந்தபோது பழைய ஆட்களை விட்டுவிட்டுக் குறைந்த கூலிக்குப் புதியவர்களை எடுக்கும் ஆசை முதலாளிகளுக்கு வரும் என்பது சங்கத்துக்குத் தெரியும். வேலை இழந்தவரையே முதலில் திரும்ப அழைக்க வேண்டும் என்ற சட்டத்தை 2021-ல் மாநிலச் சட்டமன்றத்தில் அது நிறைவேற்ற வைத்தது. புயல் எந்தத் தொழிலுக்கும் வரும். புயலுக்குப் பிறகு யார் திரும்ப வருவார் என்பதைத் தீர்மானிக்க ஓர் அமைப்பு வேண்டும். இயந்திரம் வந்து ஆளைக் குறைக்கும் என்ற அச்சத்துக்கும் 2023 ஒப்பந்தத்தில் முன்னறிவிப்பு, பயிற்சி, இழப்பீடு என்று இடம் வைத்தார்கள். எல்லாவற்றையும் தடுக்க அது போதாது. அது இல்லாத இடத்தில் தொழிலாளிக்குக் கிடைப்பது வெறும் நோட்டீஸ்.

பாலைவனத்தில் இப்படி ஒரு நகரம் இருக்கலாமா என்ற கேள்வியை இங்கே நீட்ட விரும்பவில்லை. தண்ணீரைப் பொறுத்தவரை, விடுதிக்குள் பயன்படும் நீர் சுத்திகரிக்கப்பட்டு, நகருக்கு நீர் தரும் மீட் ஏரிக்கே திரும்புகிறது. வீணானது பெரும்பாலும் புல்வெளிகளால்தான். வெப்பம் அப்படி இல்லை. 2024 ஜூலை 7 அன்று வெயில் 48.9 டிகிரி செல்சியஸைத் தொட்டது, அந்த ஊரின் வரலாற்றில் அதுவே உச்சம். அந்த ஆண்டு, நகரம் அடங்கிய கிளார்க் மாவட்டத்தில் வெப்பம் தொடர்பான மரணங்கள் 500-ஐத் தாண்டின. குளிரூட்டிய தளத்தில் பகல் ஷிப்ட் முடித்தவர் பேருந்துக்காக நிழலில்லாத நிறுத்தத்தில் நிற்கும் நேரத்துக்கு இதுவரை எந்த ஒப்பந்தமும் பொறுப்பேற்கவில்லை. இது அடுத்த சண்டைக்கான இடம்.

இவ்வளவும் தமிழ் வாசகருக்கு எதற்கு என்றால், லாஸ் வேகஸ் இப்போது நம் ஆட்கள் வேலை செய்யும் இடத்துக்கே வருகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில், கடலுக்குள் மண் கொட்டி உருவாக்கிய அல் மர்ஜான் தீவில், அதே வின் நிறுவனம் 1,500-க்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட பெரும் விடுதியைக் கட்டுகிறது. 2024 அக்டோபரில் அதற்குச் சூதாட்ட உரிமம் கிடைத்தது. அமீரகத்தில் இப்படி உரிமம் பெற்ற முதல் சூதாட்ட விடுதி அதுதான். 2027-ல் திறக்கத் திட்டம். லாஸ் வேகஸில் இந்த நிறுவனம் கலினரி சங்கத்துடன் மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறது. அமீரகத்தில் அப்படி உட்காரத் தேவையில்லை, ஏனென்றால் அங்கே தொழிற்சங்கத்துக்கே சட்டத்தில் இடமில்லை, வேலைநிறுத்தத்துக்கும் இல்லை. துபாயின் விடுதிகளிலும் மதுக்கூடங்களிலும் சமையலறைகளிலும் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போன எத்தனையோ பேர் ஏற்கெனவே உழைக்கிறார்கள். புதிய விடுதிக்கும் அவர்களைப் போன்றவர்கள்தான் போவார்கள். ஊதியம் வங்கிவழியே ஒழுங்காகப் போடப்படுவதைக் கண்காணிக்க அமீரகத்தில் 2009 முதல் ஓர் ஏற்பாடு உண்டு, புகார் செய்ய அமைச்சகம் உண்டு என்று சிலர் சொல்வார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பேசிய கூலி வந்து சேர்ந்ததா என்பதைத்தான் அது பார்க்கும். கூலி எவ்வளவு, ஒரு ஷிப்டுக்கு எத்தனை அறை, கையில் பொத்தான் உண்டா, புகையில்லாத தளம் உண்டா என்று கேட்க அதில் வழியில்லை.

அங்கே சங்கம் வைக்க முடியாது என்றால், கேட்கும் வேலையை இங்கேயே தொடங்க வேண்டும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும் விடுதி வேலைக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தங்களில் ஷிப்டுக்கான அறை எண்ணிக்கை, அவசரப் பொத்தான், புகை, டிப்ஸ் பங்கீடு, இரவு ஷிப்ட் முடிந்து தங்குமிடம் சேர வாகனம் ஆகியவற்றை எழுத்தில் வைக்க வேண்டும். ஒரே நிறுவனம் லாஸ் வேகஸில் ஒப்புக்கொண்ட ஒன்றை ராஸ் அல் கைமாவில் ஏன் ஒப்புக்கொள்ள முடியாது என்று கேட்க வேண்டும். ஆள் எடுக்கும் முகவர்கள் ஊருக்கு வருவதற்கு முன்னால் அந்தக் கேள்வி போய்ச் சேரட்டும்.